பொது நூலகம் எந்தத் தெருவில்?

தோழர்களே, நூலக வரலாறு எழுதுகிறவர்கள் புத்தகங்களை எண்ணுகிறார்கள், கட்டடங்களை எண்ணுகிறார்கள். கட்டடம் நிற்பது எந்தத் தெருவில் என்று கேட்பதில்லை. நாம் கேட்டாக வேண்டும்.

1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் கிளம்பியதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கனகசபைப் பிள்ளையின் முயற்சி பெரிய முயற்சிதான். புத்தகம் ஊரைத் தேடிப் போனது. ஆனால் இங்கே ஊர் வேறு, சேரி வேறு. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நமக்கும் உண்டு என்று 1924-இல்தான் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். தெருவில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்ட நாட்டில், 'பொது' என்று பலகை மாட்டினால் மட்டும் ஒரு இடம் பொதுவாகிவிடுமா?

நம்மாட்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். வடஆற்காட்டிலிருந்தும் மற்ற ஜில்லாக்களிலிருந்தும் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன ஜனம் அதைத் தாங்கிப் பிடித்தது. 1914-இல் அவர் மறைந்த பிறகு மாரிக்குப்பம் சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்தை நூலாக்கியது. 1926-இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து 'தமிழன்' இதழை மறுபடி கொண்டுவந்தார். அரசின் நூலகச் சட்டத்துக்கு முந்திய கதை இது.

சட்டம் 1948-இல் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதலில் அதை இயற்றியது சென்னை மாகாணம். வீட்டு வரியோடு நூலக வரியும் வந்தது. இன்று ரூபாய்க்கு 10 காசு. காலனி வீட்டுக்காரனும்தான் கட்டுகிறான். 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 12,618 ஊராட்சிக்கும் நூலகம் என்றது. கட்டடம் வந்தது. பல ஊரில் பூட்டும் வந்தது.

காவேரிப்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு வங்கி வேலையாகப் போகிறவன் நான். நூலகம் எங்கே என்றால், "ஊருக்குள்ள, கோயிலாண்ட இருக்குது சார்" என்கிறார்கள் காலனிப் பிள்ளைகள். சாவி ஊர்த்தெருவில் யாரோ ஒருத்தர் வூட்டில். "நாங்க யாரும் தடுக்கலியே" என்பார்கள் ஊர்க்காரர்கள். பத்தாவது படிக்கிற நம் பெண் சாயங்காலம் தனியாக அந்தத் திண்ணைகளைக் கடந்து போய்ச் சாவி கேட்க வேண்டும். எத்தனை பார்வையைத் தாண்டி? தடுக்க ஆளே வேண்டாம், இடமே தடுக்கும்.

அரசியலமைப்பின் 15(2) பிரிவில் கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை எல்லாம் பேர் சொல்லி இருக்கிறது. நூலகம் பேராக இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடம் என்பதில் அடங்குகிறது. உரிமை எழுத்தில் இருக்குது, சாவி இன்னொருத்தன் கையில் இருக்குது.

"செல்போன்லயே எல்லாம் கெடைக்குதே, நூலகம் இன்னாத்துக்கு?" என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் அவர்களுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு மணி நேர அமைதி.

வருகிற கிராம சபையில் எழுந்து கேளுங்கள். நூலக வரி எவ்வளவு வசூலானது, அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எவ்வளவு போனது? சாவி யாரிடம்? அடுத்த கட்டடத்தைக் காலனியில் ஏன் கட்டக்கூடாது? ஊர்க்காரர்கள் நம் தெருவுக்கு வந்து படிக்கட்டுமே. வரமாட்டோம் என்றால், இத்தனை நாள் 'பொது' என்று சொன்னது யாரை என்று அப்போது தெரிந்துவிடும்.