குளிருக்கு ஒரு வக்காலத்து

குளிர் என்றாலே நமக்கு ஜன்மச் சத்துரு. மார்கழி பிறந்ததும் குழந்தையின் காதில் பஞ்சு, தாத்தாவின் கழுத்தில் மப்ளர், வீடு முழுவதும் ஜன்னல் சாத்தல். மனிதர்கள் மட்டில் இது நடந்தால் எனக்கு வழக்கில்லை. மலையூர்களில் ஆர்க்கிட் வளர்க்கிறவர்கள் இதே வைத்தியத்தைச் செடிக்கும் செய்கிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

குன்னூரில் என் தெருவிலேயே பார்க்கிறேன். கார்த்திகை முடிந்ததும் தொட்டிகள் எல்லாம் வீட்டுக்குள் குடியேறுகின்றன. கதவடைத்த அறை, மூலையில் ஹீட்டர், மேலே பிளாஸ்டிக் போர்வை. போதாததற்கு வேளைக்கு வேளை தண்ணீர். சித்திரை வந்தால், "மூன்று வருஷமாக ஒரு பூக்கூட இல்லை, ராசியில்லாத செடி!" என்று புலம்பல். ராசியைப் பற்றி எனக்குத் தெரியாது. செடியைப் பூக்க விடாதவர் யார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

சிம்பிடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பூப் பூக்கும் சிம்பிடியங்களின் முன்னோர்கள் இமயமலைச் சாரலிலும் அதை அடுத்த மலைகளிலும் பிறந்தவர்கள். பகலில் நல்ல வெளிச்சம், இரவில் 10, 14 டிகிரிக் குளிர்ச்சி என்று இருந்தால்தான் அவற்றில் பூங்கதிர் எழும்பும். இரவும் பகலும் ஒரே கதகதப்பில் வைத்தால் இலை தழைக்கும், கதிர் வராது. சிக்கிமின் மாநிலப் பூவான டெண்ட்ரோபியம் நோபிலே இன்னும் ஒருபடி மேல். அதற்குக் குளிரோடு அரைப்பட்டினியும் வேண்டும். குளிர்காலத்தில் உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் குறைத்துவிட்டால் கணுவுக்குக் கணு பூவாகச் சொரியும். விருந்தோம்பல் நடத்தினாலோ, பூ வரவேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைத்துக்கொண்டு நிற்கும்.

"ஆர்க்கிட் மென்மையான ஜாதி ஐயா, அதற்குக் குளிர் தாங்குமா?" என்பார்கள். இந்த நம்பிக்கை நம்முடையதுகூட அல்ல. சீமையிலிருந்து வந்த சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயப் பிரபுக்கள், உஷ்ண தேசத்துச் செடி என்று கேட்டதுமே, மலையில் பிறந்ததா பள்ளத்தில் பிறந்ததா என்று விசாரிக்காமல், கண்ணாடி வீட்டில் அடைத்துக் கணப்பு மூட்டினார்கள். புழுக்கத்தில் செடிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன.

அந்தப் பிரபுக்களுக்கு அவர்கள் நாட்டுக்காரரே பதில் சொல்லியிருக்கிறார். ஜோசப் ஹூக்கர் என்ற தாவர விஞ்ஞானி 1850-ல் காசி மலைக்குப் போனார். கங்கைக்கரைக் காசி அல்ல. இன்றைய மேகாலயத்தில் உள்ள மலை. அங்கே நீல வாண்டா என்ற ஆர்க்கிட், மூவாயிரம் நாலாயிரம் அடி உயரத்தில், இலை அடர்த்தியில்லாத சிறு மரங்களின் கிளைகளில், வெயிலும் மழையும் காற்றும் நேரே மோதும்படி வளர்ந்திருந்தது. குளிர்காலத்தில் அந்தத் தரையில் உறைபனி படியும். இந்தக் குளிர், இந்த வறட்சி, எல்லாவற்றுக்கும் மேலாக இந்தத் திறந்த காற்று, இவற்றைத்தானே இங்கிலாந்தில் ஆர்க்கிட்டின் பக்கம் அண்டவிடாமல் தடுக்கிறோம் என்று 1854-ல் வெளியான தம் பயண நூலில் அவர் கேட்டார். கேள்விக்கு வயது நூற்றெழுபதைத் தாண்டிவிட்டது. நாம் இன்னும் ஹீட்டரை அணைத்தபாடில்லை.

அதே ஹூக்கர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். கியூ தோட்டத்துக்காக அந்த நீலப் பூச்செடியை ஏழு ஆள் சுமை பறித்து அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. வேறொருவர் அனுப்பிய ஓர் ஆள் சுமை, நைந்த நிலையில் சேர்ந்தும் முந்நூறு பவுனுக்கு விலைபோயிற்று. விலை இப்படி இருந்தால் மலையில் என்ன மிஞ்சும்? ஒரு செடி வீட்டில் செத்தால், அந்த இடத்துக்கு இன்னொன்று வந்தாக வேண்டும். நர்சரியில் வளர்த்ததானால் நஷ்டம் நம் பணப்பையோடு போயிற்று. காட்டிலிருந்து யாரோ உரித்து வந்ததானால், நம் அசட்டு அன்புக்கு ஒரு மரக்கிளை மொட்டையாகிறது. நான் கோபப்படுவது இதற்காகத்தான்.

எதிர்க்கட்சியின் வாதத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. பெலனாப்சிஸ் என்ற பட்டாம்பூச்சி ஆர்க்கிட்டின் முன்னோர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் முதலிய உஷ்ணக் காடுகளைச் சேர்ந்தவர்கள். அதை மலைக்குளிரில் வெளியே நிறுத்துவது பாவம். மற்றவற்றுக்கும் உறைபனி விழும் இரவில் ஒரு சாக்கையோ துணியையோ போர்த்துங்கள், அல்லது தாழ்வாரத்துக்குள் தள்ளி வையுங்கள். விடிந்ததும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் விடுவதானால் காலையில் விடுங்கள். சாயங்காலத்துக்குள் குருத்து உலர்ந்துவிட வேண்டும். "பக்கத்து வீட்டுச் செடி குளிரில் அழுகிப்போயிற்றே" என்கிறவர்கள், ராத்திரி அதன் குருத்தில் தண்ணீர் தேங்கி நின்றதா என்று கேட்டுப் பாருங்கள். குளிரும் ஈரமும் கைகோத்தால்தான் ஆபத்து. பழியைக் குளிர் ஒன்றின்மேலே போடுவது, இரண்டு பேர் செய்த திருட்டுக்கு ஒருவனை மட்டும் ஜெயிலுக்கு அனுப்புவது போல.

செடி வாங்கும்போது அதன் விலையைக் கேட்கிறோம், பூவின் நிறத்தைக் கேட்கிறோம். அதன் பிறந்த வீடு எது என்றும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? மலையில் பிறந்தது என்று தெரிந்தால் தைரியமாகத் திண்ணைக்கு வெளியே தொங்கவிடுங்கள். அதற்குக் குளிரில் வாழத் தெரியும்.