பிள்ளையின் மூக்கு பொய் சொல்லாது!

சனிக்கிழமை கூலி கைக்கு வருகிறது. ஞாயிறு விடிந்ததும் பள்ளிபாளையத்துத் தறித் தோழரும் நாமக்கல் லாரிப் பட்டறைத் தோழரும் பையைத் தூக்கிக்கொண்டு மீன்கடைக்கு நடக்கிறார்கள். வாரமெல்லாம் வியர்வை சிந்திய காசில் ஒரு கிலோ மத்தி! வீட்டில் குழம்பு கொதிக்கிறது. சோறு போட்டு உட்கார்ந்தால், பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்கிறான்.

“கவுச்சி அடிக்குதுப்பா, எனக்கு வேண்டாம்!”

அப்பனுக்குக் கோபம் பொங்குகிறது. முதுகில் ஓர் அறை. பிள்ளை அழுகிறான், தாய் கலங்குகிறாள், குழம்பு ஆறிப்போகிறது.

தோழர்களே! இங்கே குற்றவாளி யார்? பிள்ளையா? இல்லை என்கிறோம் நாம். அவன் மூக்கு குற்றவாளியல்ல, சாட்சி!

எதற்குச் சாட்சி? கரையேறிய புதுமீனில் கடல்வாடைதான் இருக்கும். மீன் செத்து, அதன் உடலில் நுண்ணுயிர்கள் வேலை செய்யத் தொடங்கிய பின்பே ட்ரைமெத்திலமின் என்னும் பொருள் பெருகுகிறது. பிள்ளை சொல்லும் கவுச்சி பெரும்பாலும் அதுதான். கடலூர்க் கரையிலிருந்து சேலம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இராமேசுவரமும் தூத்துக்குடியும் அதைவிடத் தொலைவு. வழிநெடுக ஐஸ் நிறைந்திருந்தால் மீன் மீனாக வந்து சேரும். ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டால்? கவுச்சிதான் வந்து சேரும்! அதைக் காட்டிக்கொடுத்த பிள்ளைக்கா அடி?

ஆகவே முதல் வேலை கடையிலேயே இருக்கிறது. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவந்திருக்க வேண்டும். கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை மேலெழ வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கல் உப்பும் மஞ்சளும் புளித்தண்ணீரும் விட்டு அலசுங்கள். நம் பாட்டிமார் பள்ளிக்கூடம் போகாமலே கண்ட விஞ்ஞானம் இது. அந்த வாடைப் பொருள் காரத்தன்மை உடையது. புளியின் அமிலம் பட்டால் அடங்கிவிடும்.

இரண்டாவது, முள். 1934-ல் மேட்டூர் அணை எழுந்தபின் கட்லாவும் ரோகுவும் நம் பக்கத்து அணைமீன்களாகிவிட்டன. நல்ல மீன்கள்தாம், ஆனால் சதைக்குள் கவைமுள் மறைந்திருக்கும். ஒருமுறை தொண்டையில் குத்தினால் போதும், மீன் என்றாலே பிள்ளை ஓடுவான். கடல்மீனையும் சேர்த்தே வெறுப்பான். அவனுக்குச் சங்கராவின் சதையை வேகவைத்து, முள் நீக்கி, உதிர்த்துப் புட்டாக்கிக் கொடுங்கள். நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்துக் கொடுங்கள். அதன் முள்ளே மெல்லுவதற்குத்தான், சுண்ணாம்புச் சத்தும் அதில்தான். கடல்மீனின் அயோடினும் மத்தியின் கொழுப்பும் வளரும் மூளைக்கு வேண்டியவை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: மீன் தின்றதும் உடல் தடித்தால், உதடு வீங்கினால், மூச்சு இரைத்தால் அது பிடிவாதமல்ல, ஒவ்வாமை. உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மூன்றாவது, பொறுமை. 1982-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் லீன் பர்ச், இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத உணவுகளைத் திரும்பத் திரும்பச் சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். எத்தனை முறை சுவைத்தார்களோ அத்தனைக்கு விருப்பமும் வளர்ந்தது! நாமோ முதல் ஞாயிறே கையை ஓங்குகிறோம்! பத்து ஞாயிறு ஒரு விள்ளல் வையுங்கள். தின்னாவிட்டால் விட்டுவிடுங்கள். நடுத்துண்டு அப்பனுக்கு, வால்துண்டு மகளுக்கு என்ற வழக்கத்தையும் விடுங்கள். அந்த நடுத்துண்டை உங்கள் கையால் முள் எடுத்து அவளுக்கு வையுங்கள்; அவள் கண்ணெதிரே நீங்களும் ரசித்து உண்ணுங்கள்.

நம் நாமக்கல் முட்டையைப் பாருங்கள். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சத்துணவில் நுழைந்தது. 2010-ல் வாரத்துக்கு ஐந்தானது. அடித்தா ஊட்டினார்கள்? இல்லை. வேண்டாதவனுக்கு வாழைப்பழம்! மற்றவர்களோ தோழர்களோடு வரிசையில் அமர்ந்து உண்டார்கள். வற்புறுத்தல் செய்யாததைப் பந்தி செய்தது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “கவுச்சி தின்கிறவன்” என்று ஏழையின் சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்து முகம் சுளித்த கூட்டம் இந்நாட்டில் உண்டு. அந்தச் சுளிப்பைக் கண்டு கூசி, பிள்ளை மீனை ஒதுக்கினால், அது நாக்கின் வெறுப்பல்ல; நெஞ்சின் காயம். “நாம் உழைத்து வாங்கியது, நாணாமல் உண்” என்று சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவே. வெளியில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சேலத்திலும், இராசிபுரத்திலும், திருச்செங்கோட்டிலும், நாமக்கல்லிலும் மீன் விற்கும் இடமெல்லாம் போதிய ஐஸ் வேண்டும், ஓடும் தண்ணீர் வேண்டும், தேங்காத சாக்கடை வேண்டும். கடற்கரைப் பிள்ளைக்கு நல்ல மீன், உள்நாட்டுப் பிள்ளைக்கு ஊசிய மீன் என்பது என்ன நியாயம்? நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் கேட்கும்படி கேளுங்கள், தோழர்களே!

பிள்ளை மேல் ஓங்கிய கையை, அந்தக் கோரிக்கைக்காக உயர்த்துவோம்!