பெயர் யாருக்கு, பங்கு யாருக்கு?

2021 மார்ச்சில் தேர்தல் மேடையேறிய பிரதமர் மோடி, புதுச்சேரியை ‘பெஸ்ட்’ ஆக்குவோம் என்றார். ஆங்கிலத்தில் நாலு எழுத்து: வணிகம், கல்வி, ஆன்மிகம், சுற்றுலா. உழைக்கிறவனுக்கு எந்த எழுத்து?

1936 ஜூலை 30இல் ஆலைத் தொழிலாளிகள் பன்னிரண்டு பேர் குண்டடிபட்டுச் செத்த ஊர் இது. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. விளம்பரத்தில் ரத்தமுமில்லை, பஞ்சுமில்லை. மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான். வாய்க்காலுக்குக் கிழக்கை ‘ஒயிட் டவுன்’ என்றே கூவி விற்கிறான். மேற்கே கறுப்பர் நகரம், அதற்கும் வெளியே சேரி என்று பிரித்ததை எவன் சொல்கிறான்?

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கடன் கேட்டு வந்த சேரிப் பையனிடம் ஜாமீனுக்கு ஆள் கேட்டேன். மேலிடத்து உத்தரவு. “ஊரே பெஸ்ட்டுங்கிறாங்களே சார், அந்த ஊரு எனக்கு ஜாமீன் போடுமா?” என்றான்.

தோழர்களே, பெயர் அவர்களோடு இருக்கட்டும். பங்கைக் கேட்போம்.