சுமோ கோதாவும் மரபு ஜல்லியும்

சுமோன்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது டாடா சுமோ. அந்த வண்டிக்கும் ஜப்பான் மல்யுத்தத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. டாடா மோட்டார்ஸ்ல பெரிய ஆளா இருந்த சுமந்த் மூல்காவ்கர் பேரைச் சுருக்கி வச்சது அது. அடுத்தது, 2025 ஏப்ரல்ல சிவா நடிச்சு வந்த 'சுமோ' படம். அதுக்கும் அடுத்து, "குண்டு குண்டா ரெண்டு பேர் கோவணத்தோட முட்டிக்குவானுங்களே, அதானே?" அவ்வளவுதான். இதுக்கு மேல தெரிஞ்சுக்க ஒருத்தருக்கும் ஆசை கிடையாது. ஆனா "ஜப்பான்காரன் மரபை எப்படிக் காப்பாத்துறான் பாரு"ன்னு பாடம் எடுக்க மட்டும் ஆளாளுக்குக் கிளம்பிடுறாங்க. இந்தப் பதிவு அவங்களுக்குத்தான்.

முதல்ல ஆட்டத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஜப்பான் கிளையன்ட் ப்ராஜெக்ட்ல குப்பை கொட்டினதுல எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல பழக்கம் சுமோ பார்க்கிறது. வருஷத்துக்கு 6 தொடர். ஒவ்வொண்ணும் 15 நாள். மேல் பிரிவுல 42 பேர், ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு சண்டை. களிமண் மேடை மேல 4.55 மீட்டர் வட்டம். பாதம் தவிர உடம்புல எது மண்ணுல பட்டாலும் அவுட், வட்டத்துக்கு வெளியே கால் பட்டாலும் அவுட். எடைப் பிரிவு கிடையாது. 120 கிலோ ஆள் 180 கிலோ ஆளோட மோதியே ஆகணும். ஜெயிக்கிற பிடிகள் 82 வகைன்னு அதிகாரபூர்வமா பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. பல சண்டைகள் பத்து செகண்டுக்குள்ள முடிஞ்சிடும். நம்ம கபடியில கோட்டைத் தொட ஒருத்தன் கையை நீட்டுற அந்த ஒரு நொடி இருக்கே, அதை மட்டும் தனியா பிரிச்சு ஒரு விளையாட்டா பண்ணினா எப்படி இருக்கும்? அதான் சுமோ.

2025 நவம்பர் 23, ஞாயித்துக்கிழமை. ஃபுகுவோகா தொடரோட கடைசி நாள். ஏனாத்தூர்ல மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு ஊரே உருண்டுக்கிட்டிருந்த நேரம், அங்கே சாயங்காலம். மூணு பேர் 11-3ன்னு சமமா நிக்கிறாங்க. ரெண்டு பேர் யோகோசுனா, அதாவது உச்சப் பட்டம் வாங்கினவங்க: மங்கோலியாவுல இருந்து வந்த ஹோஷோர்யூ, ஜப்பான்காரர் ஓனோசாட்டோ. மூணாவது ஆள் அவோனிஷிகி. வயசு 21, ஊர் உக்ரைன். 2022-ல சண்டை வெடிச்சதும் நாட்டை விட்டு ஜப்பான் வந்து சேர்ந்த பையன்.

கடைசி நாள் ஓனோசாட்டோ காயம்னு ஒதுங்கிட்டார். அவரோட மோத வேண்டிய ஹோஷோர்யூவுக்குச் சண்டையே போடாம ஒரு வெற்றி. பையன் கொட்டோசகுராவைச் சாய்ச்சு 12-3க்கு வந்தான். ரெண்டு பேரும் சமம், அதனால பிளே-ஆஃப். அதுல யோகோசுனாவையே கவுத்துட்டு கோப்பையைத் தூக்கிட்டான். உக்ரைன்ல பிறந்த ஒருத்தர் மேல் பிரிவு பட்டம் வாங்கினது அதுதான் முதல் தடவை. மூணு நாள்ல 'ஒசெகி'ங்கிற ரெண்டாவது பெரிய பதவியும் கொடுத்துட்டாங்க. பார்த்துட்டு வீட்டுல ஒரு விசில் அடிச்சேன், திட்டு வாங்கினேன், அது வேற கதை :-)

சரி, மேட்டருக்கு வருவோம். ஜெயிச்சவருக்குக் கொடுக்கிற பரிசுகள்ல ஒண்ணு பிரதமர் கோப்பை. பிரதமரோ அவர் அனுப்புற ஆளோ மேடை ஏறிக் கொடுக்கிறது வழக்கம். ஜப்பானுக்கு 2025 அக்டோபர்ல முதல் பெண் பிரதமர் வந்தாங்க, சனாயே தகாய்ச்சி. இது அவங்க பதவிக்கு வந்த பிறகு நடந்த முதல் தொடர். அன்னைக்கு அவங்க ஜி-20 மாநாட்டுக்காகத் தென்னாப்பிரிக்காவுல இருந்தாங்க. அதனால கேள்வி எழாம தப்பிச்சது. என்ன கேள்வி? நாட்டையே ஆளுற அந்தம்மா அந்தக் களிமண் மேடையில கால் வைக்கலாமா கூடாதாங்கிறதுதான். பெண்கள் ஏறக் கூடாதுங்கிறது சுமோ சங்கத்தோட விதி.

இதை எங்க பெரியப்பா கிட்ட சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் பிரகாசம். "பாத்தியாடா, பிரதமரே ஆனாலும் விதி விதிதான். அதாண்டா கலாச்சாரம். நம்மாளு ஒவ்வொண்ணா விட்டுக் கொடுத்துட்டு நிக்கிறான்." பெரியப்பா ஒருத்தர் இல்லீங்க. குடும்ப வாட்ஸப் குரூப் ஒவ்வொண்ணுலயும் நாலு பேர் இதே டேப்பை ஓட்டிக்கிட்டிருக்காங்க.

எந்த மரபு சாமி? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

டிவியில பார்க்கிறப்ப அந்த மேடைக்கு மேல கோயில் விமானம் மாதிரி ஒரு கூரை தொங்கும். ஆயிரம் வருஷத்துச் சமாச்சாரம்னு தோணும். இப்ப இருக்கிற இந்த ஆலய பாணி 1931-ல மாத்தினது. அதைத் தாங்கின நாலு தூணும் ஜனங்களுக்கு மறைக்குதுன்னு 1952-ல பிடுங்கிட்டாங்க, கூரை இப்ப அந்தரத்துல தொங்குது. நடுவர் போடுற பட்டு உடை ஏதோ ராஜா காலத்துது மாதிரி தெரியும். 1910-ல புகுத்தினது. வட்டத்தோட அளவைப் பெரிசாக்கினது 1931. சண்டைக்கு முன்னாடி முறைச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கிறதுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது 1928-ல. ஏன்? ரேடியோ ஒலிபரப்புக்கு நேரம் பத்தலை! 15 நாள் தொடர் 1949-ல இருந்து, வருஷத்துக்கு 6 தொடர் 1958-ல இருந்து. 1969-ல ஒரு தப்பான தீர்ப்பு பெரிய சர்ச்சையாகி, அதே வருஷம் வீடியோ பார்த்து முடிவு பண்ற முறை வந்துடுச்சு. கிரிக்கெட்காரன் மூணாவது அம்பயருக்கு வர்றதுக்கு இருபது வருஷத்துக்கும் முன்னாடி.

வெளிநாட்டுக்காரன் விஷயம் இன்னும் ஜோர். 1972-ல ஹவாய்க்காரர் தகமியாமா முதல் முதலா பட்டம் வாங்கினார். 1993-ல இன்னொரு ஹவாய்க்காரர் அகேபோனோ யோகோசுனாவே ஆயிட்டார். அப்புறம் மங்கோலியர்கள் படையா வந்தாங்க. இப்ப உக்ரைன்.

ஆக ரேடியோக்காக வளையும், டிவிக்காக வளையும், டிக்கெட் வாங்கினவனுக்காகத் தூணையே பிடுங்கும், ஏழாயிரம் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்து வந்த ஆம்பளைக்காகவும் வளையும். பெண் வந்தா மட்டும் விறைச்சுக்கும். இதுக்குப் பேர் மரபாம்!

அந்த மேடையே பழசு கிடையாதுங்க. ஒவ்வொரு தொடருக்கும் புது மண் அடிச்சு, கட்டையால தட்டித் தட்டிக் கட்டுறாங்க. நடுவுல குழி தோண்டி உப்பு, அரிசி, கடல்பாசி, காய்ந்த கணவாய் மீனெல்லாம் புதைச்சு பூஜை போடுறாங்க. தொடர் முடிஞ்சா இடிச்சுடுவாங்க. எனக்கு அந்தச் சடங்கு பிடிச்சே இருக்கு, நம்மூரு பூமி பூஜை மாதிரி. ஆனா "ஆதியில இருந்து பெண் கால் படாத மண்"னு சொல்றப்ப, அந்த மண்ணுக்கு வயசு பதினஞ்சு நாளுங்கிறதை மறந்துடக் கூடாது.

இன்னொரு தமாஷ். 'சுமோ'ங்கிற வார்த்தை முதல்ல எழுத்துல வர்றது கி.பி. 720-ல தொகுத்த 'நிஹோன் ஷோகி'ங்கிற ஜப்பான் வரலாற்று நூல்ல. அங்கே மோதுறது யார் தெரியுமா? யூர்யாகுன்னு ஒரு ராஜாவோட அரண்மனைப் பெண்கள். பழமைதான் அளவுகோல்னா, மேடையை விட்டு இறங்க வேண்டியது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

இதெல்லாம் வெறும் சரித்திர விளையாட்டுன்னா நான் பதிவு எழுத மாட்டேன். 2018 ஏப்ரல் 4, மைசுரு நகரம் (நம்ம மைசூர் இல்லை). கண்காட்சி சுமோ நடக்குது. மேடையில பேசிக்கிட்டிருந்த மேயர் மூளையில ரத்தக் கசிவு வந்து அப்படியே சாய்ஞ்சார். கூட்டத்துல இருந்து பெண்கள் ஓடி வந்து மேடை ஏறி நெஞ்சை அமுக்கி முதலுதவி செய்றாங்க. அதுல ஒருத்தர் நர்ஸ். அப்ப ஒலிபெருக்கியில நடுவரோட அறிவிப்பு: பெண்கள் மேடையை விட்டு இறங்கவும். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறான், காப்பாத்துற கை ஆம்பளைக் கையா பொம்பளைக் கையான்னு மைக்ல விசாரணை. மேயர் பிழைச்சுக்கிட்டார். சங்கத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். பிறகு மேடையில உப்பு இறைச்சாங்க. பெண்கள் ஏறினதுக்காக இல்லைன்னு சங்கம் விளக்கம் சொன்னது. மன்னிப்பு கேட்டாங்களே தவிர விதியை மாத்தலை. ரெண்டே நாள்ல தகாரசுகா நகரத்துப் பெண் மேயர் மேடைக்குக் கீழே நின்னுதான் பேச வேண்டியிருந்தது.

அதுக்கும் முன்னாடி 1990-ல அமைச்சரவைச் செயலர் மயூமி மொரியாமா பிரதமர் கோப்பையை மேடையில கொடுக்கணும்னு கேட்டாங்க. முடியாதுன்னுட்டாங்க. 2000-ல ஒசாகா ஆளுநர் ஃபுசாயே ஓட்டா கேட்டாங்க. அவங்க பதவியில இருந்த எட்டு வருஷமும் அதே பதில்.

தீட்டுன்னு எதைச் சொல்றாங்கன்னும் பாருங்க. 2007-ல 17 வயசுப் பயிற்சிப் பையன் ஒருத்தனை 'பயிற்சி'ங்கிற பேர்ல அடிச்சே கொன்னாங்க. பீர் பாட்டிலால அடிச்ச குரு ஜெயிலுக்குப் போனார். 2011-ல சூதாட்ட விசாரணையில சிக்கின செல்போன்கள்ல இருந்து சண்டைகளை விலை பேசின சேதி வெளியே வந்து, அந்த மார்ச் தொடரையே ரத்து பண்ணினாங்க. அப்பல்லாம் அந்த மண்ணு அசுத்தமாகலை. நர்ஸம்மா உயிர் காப்பாத்த ஏறினதும் இறங்கச் சொல்ல மைக் வந்துடுச்சு!

"அது அவங்க மதம், உனக்கென்னப்பா வந்துச்சு?" இந்தப் பின்னூட்டம் வரும்னு தெரியும். சுமோ சங்கம் யாரோ நாலு பேர் வீட்டுப் பூஜை இல்லைங்க. 2014-ல இருந்து அது அரசாங்க அங்கீகாரம் பெற்ற பொதுநல அறக்கட்டளை. அதுக்கு வரிச்சலுகை உண்டு. ஒளிபரப்புறது பொது நிறுவனமான என்ஹெச்கே. கோப்பை நாட்டோட பிரதமர் பேர்ல. காசு வாங்கும்போது பொது, கால் வைக்கும்போது தனியாரா?

எனக்கென்னங்கிறதுக்கு இன்னொரு பதில், நான் காஞ்சிபுரத்துக்காரன். இந்த ஊர்ல ஆண்ட நரசிம்மவர்மப் பல்லவனுக்கு மாமல்லன்னு பட்டம். பெரிய மல்லன்னு அர்த்தம். மாமல்லபுரத்துக்கே அவர் பேர்தான். 'சிவகாமியின் சபதம்' படிச்சிட்டு மாமல்லர் மாமல்லர்னு உருகாத ஆள் உண்டா? ஆனா அந்த மாமல்லன் ஊர்ல நான் வளர்ந்த காலத்துல ஒரு குஸ்திக் கோதாவைக் கண்ணால பார்த்ததில்லை. மல்யுத்த மரபு போச்சேன்னு எந்தப் பெரியப்பாவும் கண்ணீர் விட்டதில்லை. ஆனா யார் எந்தப் படி வரைக்கும் வரலாம், யார் முதல்ல பாடலாம், யார் பின்னால நிக்கணும்ங்கிற விதி மட்டும் பத்திரமா இருக்கு. வரதராஜப் பெருமாள் கோயில்ல வடகலை தென்கலை சண்டை நூறு வருஷத்துக்கும் மேலா கோர்ட் படி ஏறி இறங்குது. நாம காப்பாத்துறது மரபை இல்லைங்க, வரிசையை.

1939 ஜூலையில மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள வைத்தியநாத ஐயர் தலைமையில ஒடுக்கப்பட்ட மக்கள் போனப்ப, சுத்திகரிப்பு செய்யாம பூஜை பண்ண மாட்டோம்னு பட்டர்கள்ல சிலர் நின்னாங்க. நம்ம ஆள் தண்ணியைத் தெளிக்கச் சொன்னான். அவ்வளவுதான் வித்தியாசம். 2023-ல மூணு பெண்கள் ஸ்ரீரங்கத்துல அர்ச்சகர் பயிற்சி முடிச்சுச் சான்றிதழ் வாங்கினப்ப குதிச்சவங்க கிட்ட கேட்டதும் இதே பாட்டுதான்: ஆதியில இருந்து இப்படித்தான்.

ஆதியில இருந்து எப்படின்னு எங்க ஊர்த் தறியைக் கேளுங்க. காஞ்சிப் பட்டுன்னா உலகமே கையெடுத்துக் கும்பிடுது. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவுல இருந்து வருது, ஜரிகை சூரத்துல இருந்து. அந்தக் காலத்து அடை முறை போய், பிரான்ஸ்காரர் ஜக்கார்டு கண்டுபிடிச்ச அட்டைப் பெட்டி தறி மேல ஏறி எத்தனையோ காலமாச்சு. (அந்தத் துளை அட்டைதான் பிற்பாடு கம்ப்யூட்டருக்கும் வழி காட்டினது, எங்க தொழிலுக்கே தாத்தா.) இதனால காஞ்சிப் பட்டு காஞ்சிப் பட்டு இல்லாம போயிடுச்சா? மாறினதாலதான் இன்னைக்கும் தறி ஓடுது. அம்மனுக்குச் சாத்துற புடவைன்னாலும் நூல் இழைக்கிறது, தார் சுத்துறதெல்லாம் பெரும்பாலும் பொம்பளைங்க கை. அந்தக் கை பட்ட நூல் சன்னதிக்குள்ள போகலாம், கைக்குச் சொந்தக்காரி வாசப்படியில நிக்கணும். இதைக் கலாச்சாரம்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

சுமோவை நான் வெறுக்கலை, ரசிகனா இருக்கிறதாலதான் கோபம். மும்பையைச் சேர்ந்த ஹேதல் தவேங்கிற பெண், சுமோவுக்குன்னு இங்கே ஒரு வசதியும் இல்லாத நாட்டுல இருந்து போய் 2009-ல தைவான் உலக விளையாட்டுப் போட்டியில இந்தியாவுக்காக மோதினாங்க. அமெச்சூர் சுமோவுல பெண்கள் வட்டத்துக்குள்ள உருண்டு புரண்டு சண்டை போடுறாங்க. வானம் இடிஞ்சு விழலை. தொழில்முறை சுமோவும் ஒரு நாள் மாறும். மாறின பிறகு, "ஆரம்பத்துல இருந்தே பெண்களுக்கு மரியாதை கொடுத்த விளையாட்டு சுமோ"ன்னு ஒரு ஃபார்வர்ட் வரும். அதையும் பெரியப்பாதான் அனுப்புவார் :-)

டிஸ்கி: தகாய்ச்சியம்மா அரசியலுக்கு நான் ரசிகன் கிடையாது. அந்த ஆங்கிள்ல வந்து கும்மாதீங்க. மத்தபடி கோதா திறந்தே இருக்கு. ஆண், பெண், அனானி யார் வேணா இறங்கலாம். உப்பு இறைக்க மாட்டேன்.