மாரி இரவில் நாய்க்கும் ஒரு சாக்கு



சென்ற மாதம் எமது மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து கேள்வியொன்று கேட்டார். நீண்ட காலத்தின் பின் காணி கைக்கு வந்திருக்கிறது. பற்றை வெட்டித் துப்புரவாக்க வேண்டும். தினமும் போய்வரப் பணம் இல்லாததால், ஒரு தறப்பாளைக் கட்டிக்கொண்டு மாரி காலத்தில் அங்கேயே தங்கப் போகிறார். "மிஸ், வீட்டில ஒரு நாய் நிக்குது. அதையும் கொண்டுபோகலாமோ? மழைக்கும் குளிருக்கும் தாங்குமோ?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். "எங்களுக்கே ஒதுங்க இடமில்லை, இவ நாய்க்குக் கேக்கிறா" என்று ஒருவர் சொன்னார். கேள்வி கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் காங்கேசன்துறையில் நான் கழித்த ஓர் இரவு நினைவுக்கு வந்தது. இம்மாதம் அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அது 2016ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். சமூகவியலில் பட்டம் முடித்து, நான் வேலையில் சேர்ந்த புதிது. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறிய கதை உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தக் காணிகளில் ஒரு பகுதி 2016இல் காங்கேசன்துறைப் பக்கமாக விடுவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு தை மாதத்திலேயே காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் ரயிலால் இறங்கி நடந்தால் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. கூரை இல்லாத சுவர், தூர்ந்த கிணறு, சுவரைப் பிளந்து வளர்ந்த மரம், இவைதான் இருந்தன.

நான் பொறுப்பாக இருந்த குடும்பங்களில் ஓர் அக்காவின் குடும்பமும் ஒன்று. யுத்தத்தில் கணவரை இழந்தவர். பதின்மூன்று வயதில் ஒரு மகள். கோணப்புலம் நலன்புரி நிலையத்தில் நீண்ட காலம் இருந்தவர். பகலில் பற்றை வெட்டினார்கள். வாங்கி வைத்த சீமெந்தும் கம்பியும் இரவில் களவு போய்விடும் என்ற பயத்தில் அங்கேயே தங்கத் தொடங்கினார்கள். சுற்றிலும் இருந்த காணிக்காரர் பெரும்பாலும் இரவில் திரும்பிப் போய்விடுவார்கள். தாயும் மகளும் தனியே. அதனால் ஒருநாள் நானும் அவர்களோடு தங்கினேன்.

ஒரு லாண்ட்மாஸ்டரில் கிடுகுக் கட்டுகளுக்கு மேல் ஏறி இருந்து வந்த நாயும் அங்கே நின்றது. பெயர் ஜிம்மி. மெலிந்த, கட்டை மயிருள்ள ஊர் நாய். முகாமிலிருந்து அதைக் கொண்டுவரச் சொல்லி மகள்தான் அடம்பிடித்தாளாம். அக்கா அதோடு அதிகம் பேசவில்லை. சோறு வைப்பார், போவார். தடவ மாட்டார்.

அன்று இருட்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. காங்கேசன்துறையில் மாரி மழை தனியாக வருவதில்லை. வடகரை என்பதால் கடலிலிருந்து வாடைக்காற்று நேரே வந்து அடிக்கும். யாழ்ப்பாணத்துக் குளிர் என்ன பெரிய குளிர் என்று வெளியூரார் சொல்லலாம். இரவிலும் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் நனைந்த உடம்போடு, ஈர நிலத்தில், காற்றுக்குள் இருப்பவருக்கு அது போதும். முகாம் கொட்டில்களில் மாரி கழித்த உங்களுக்கு அது தெரியும்.

மூன்று பேரும் தறப்பாளுக்குள் ஒடுங்கினோம். நாய் வெளியே, தறப்பாளின் ஓரத்தில், சேற்றில் சுருண்டு கிடந்தது. "நாய்தானே, அது கிடக்கும்" என்றார் அக்கா. நானும் அப்படியே நினைத்தேன். நடுச்சாமம் இருக்கும். மகள் ரோர்ச் அடித்துப் பார்த்து, "அம்மா, ஜிம்மி நடுங்குது" என்றாள். கொஞ்ச நேரத்தின் பின் மறுபடியும் பார்த்து, "இப்ப நடுக்கம் நிண்டிட்டுது" என்றாள். நல்லது, நித்திரையாகிவிட்டது என்று நான் சொன்னேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்தார். "நித்திரை இல்லை பிள்ளை, அது விறைச்சுப்போகுது" என்றார். மழைக்குள் போய் நாயைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார். கூப்பிட்டால் தலை தூக்கவில்லை. தனது பழைய சாரமொன்றால் தலையிலிருந்து வால் வரை துடைத்தார். கிடுகுகளை அடுக்கி, அதன் மேல் காய்ந்த சாக்கை மடித்துப் போட்டு, அதில் கிடத்தி, இன்னொரு சாக்கால் போர்த்தினார். சுடுதண்ணீர்ப் போத்தலில் மிச்சம் இருந்த தண்ணீரை ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் ஊற்றி, துணியால் சுற்றி, அதன் வயிற்றோடு வைத்தார். அரை மணித்தியாலம் போயிருக்கும். நாய் மறுபடி நடுங்கத் தொடங்கியது. "இனிப் பயமில்லை" என்றார். தலை தூக்கிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, இளஞ்சூட்டில் கஞ்சித் தண்ணீர் வைத்தார். குடித்தது.

அதன் பின்தான் அக்கா பேசினார். கையை நாயின் மேல் வைத்தபடியே பேசினார்.

"1990இல எனக்குப் பத்தொன்பது வயது. எங்களிட்ட வீரன் எண்டு ஒரு நாய் நிண்டது. ஷெல் விழத் தொடங்கவும் ஓடினம். பின்னால வந்து ரோட்டில அடிபட்டுப்போகும் எண்டு ஐயா அதை மாமரத்தடியில கட்டச் சொன்னார். நான்தான் கட்டினன். ரெண்டு நாளில வருவம் எண்டுதானே போனது. சட்டியில தண்ணி வைச்சனான். போகேக்க குரைக்கேல்லை பிள்ளை. பாத்துக்கொண்டு நிண்டது."

இருபத்தாறு வருடங்கள். காணிக்குள் கால் வைத்த முதல் நாள் எல்லோரும் கிணற்றையும் சுவரையும் தேடினார்களாம். அக்கா மாமரத்தைத் தேடினாராம். மரம் இருக்கவில்லை.

"இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. சனம் பிள்ளையளைப் பறிகுடுத்திட்டு நிக்கேக்க, நான் நாய்க்கு அழுதன் எண்டு சொல்ல ஏலுமே? தருமர் பனிமலை ஏறேக்கயும் நாயை விடேல்லை. நாய் இல்லாமல் சொர்க்கம் வேண்டாம் எண்டு நிண்டவர். நான் கட்டிப்போட்டெல்லோ வந்தனான்."

சகோதரிகளே, அந்த அக்காவின் குடும்பத்தைப் பற்றிய விபரப் படிவத்தை நிரப்பியது நான்தான். இழந்த மாடு எத்தனை, ஆடு எத்தனை, கோழி எத்தனை என்று கேட்டிருந்தேன். நாய் பற்றி ஒரு கட்டமும் அதில் இல்லை. நானாகவும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இடம்பெயர்வு பற்றிப் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை.

அன்றிரவு அக்காவுக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கள் கொல்லக் கட்டேல்லை அக்கா. ரோட்டில சாகக்கூடாது எண்டுதான் கட்டினீங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் விடியும்வரை நாயின் மேல் வைத்த கையை எடுக்கவுமில்லை.

இழப்பில் பெரிதும் சிறிதும் உண்டு. ஆனால் பெரிய இழப்பு நடந்த வீட்டில் சின்ன இழப்புக்கு அழக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. வாயைத் திறந்து சொல்லாத துக்கம் உள்ளே கிடந்து, வேறு உயிரைத் தொடவும் விடாது. அக்கா ஜிம்மியைத் தடவாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். கேட்பவர் சிரித்தால் அது உங்கள் குற்றம் அல்ல.

இனி, அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாயைக் கொண்டுபோகலாம். தனியாகத் தங்கும் பெண்ணுக்கு, வேற்றாள் வரும்போதும் பாம்பு ஊரும்போதும் முதலில் சொல்வது அதுதான். ஆனால் அதற்கும் சில ஆயத்தங்கள் வேண்டும்.

முதலாவது, நிலம். பனி நாடுகளில் மலையேறிக் கூடாரம் அடித்துத் தங்குபவர்களும் தங்கள் நாயைக் கூட்டிச் செல்வதுண்டு. அவர்கள் நாய்க்கும் தனியாக ஒரு விரிப்புக் கொண்டுபோவார்கள். உடம்புச் சூட்டை மேலே வீசும் காற்று மட்டுமல்ல, கீழே உள்ள குளிர்ந்த நிலமும் உறிஞ்சும். நாய்க்கு வயிற்றுப் பக்கம் மயிர் குறைவு. எனவே கிடுகோ, பலகையோ, மடித்த சாக்கோ கட்டாயம் கீழே வேண்டும். போர்த்துவது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, ஈரம். காய்ந்த மயிர் நாய்க்குப் போர்வை. நனைந்தால் அது போர்வை இல்லை. படுக்க முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அதற்கென ஒரு பழந்துணியைப் பொலித்தீன் பைக்குள் காயவைத்து வைத்திருங்கள். குட்டி, கிழட்டு நாய், மெலிந்த நாய் ஆகியவற்றுக்குத்தான் முதலில் குளிர் ஏறும்.

மூன்றாவது, நடுக்கம். நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 38 முதல் 39 பாகை வரை இருக்கும், எங்களைவிடச் சற்றுக் கூட. நடுங்குவது அந்தச் சூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்யும் வேலை. சூடு ஏறாமலே நடுக்கம் நின்று, நாய் சோர்ந்து, கூப்பிட்டாலும் அசையாமல் கிடந்தால் அதுதான் ஆபத்து. துடைத்து, போர்த்து, மெல்ல மெல்லச் சூடாக்குங்கள். நெருப்புக்கு அருகே கொண்டுபோக வேண்டாம், தோல் வெந்துவிடும். தன்னால் விழுங்க முடியாத நாய்க்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். விடிந்ததும் அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இன்னொன்று. குளிருக்கென்று அடைத்த தறப்பாளுக்குள் கரிநெருப்போ மண்ணெண்ணெய் அடுப்போ எரியவிட்டுப் படுக்காதீர்கள். அந்தப் புகைவாயுவுக்கு மணமில்லை. நித்திரையிலேயே உயிர் போகும், நாய்க்கு மட்டுமல்ல, உங்களுக்கும்.

நான்காவது, சாப்பாடு. குளிரில் நாய்க்குப் பசி கூடும். படுக்க முன் ஒரு பிடி சோறு கூட வையுங்கள். வெங்காயம் போட்ட கறி வேண்டாம். வெங்காயம் எங்கள் வலிகாமத்து மண்ணின் செல்வம். ஆனால் சமைத்தாலும் அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். எங்களுக்குத் தரும் காய்ச்சல் குளிசையும் அதற்குக் கொடுக்கக்கூடாது. சொறிக்கென்று கழிவு ஒயில் பூசுவதும் தவறு. நக்கினால் நஞ்சு.

ஐந்தாவது, நோய். வருடம் ஒருமுறை விசர்நாய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் எப்போது, எங்கே என்று சொல்வார். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். மாரியில் எலிக்காய்ச்சலும் உண்டு. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அதனால் உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். தேங்கிய வெள்ளத்தில் நாய் குடிக்கவும் விடாதீர்கள், நீங்களும் காயத்தோடு வெறுங்காலில் இறங்காதீர்கள். காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியரிடம் போங்கள்.

ஆறாவது, இதுதான் மிக முக்கியம். வடக்கில் கண்ணிவெடி தேடும் வேலைக்குப் பயிற்றப்பட்ட நாய்கள் பயன்பட்டிருக்கின்றன. அவை வெடிமருந்தின் மணத்தை அறிந்து நிற்கப் பழக்கப்பட்டவை. எங்கள் ஜிம்மிக்கு அது தெரியாது. நாய் போன பாதை பாதுகாப்பானது என்று எண்ணி அதன் பின்னால் பற்றைக்குள் போகாதீர்கள். எங்கள் நிறையும் நாயின் நிறையும் ஒன்றல்ல. துப்புரவாக்காத பக்கம் அது போகாதபடி இரவில் கட்டி வையுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

கட்டி வையுங்கள் என்று எழுதும்போதே அந்த அக்காவின் முகம் வருகிறது. அவர் ஜிம்மியைக் கட்டவில்லை என்றல்ல. கட்டினார். ஆனால் கயிற்றின் மறுமுனையைத் தன் படுக்கையோடு சேர்த்து வைத்திருந்தார். இழுத்தால் அவிழும் முடிச்சு.

இப்போது அங்கே ஒரு கல்வீடு இருக்கிறது. மகள் திருமணமாகிவிட்டாள். ஜிம்மி வயதாகிச் செத்துப்போனது. அக்கா அதைத் தன் காணியிலேயே, புதிதாக வைத்த மாங்கன்றுக்குப் பக்கத்தில் தாட்டார். இம்முறை எல்லோர் முன்னும் அழுதார். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தில் வெட்கப்பட்டு உட்கார்ந்த சகோதரியே, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நாயைக் கொண்டுபோங்கள். மறக்காமல் இரண்டு சாக்கும் கொண்டுபோங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.