கொட்டேஷனில் வராத செலவு



உங்களில் சிலர் கோவை பம்ப் கம்பெனிகளில் பர்சேஸ் பார்க்கிறீர்கள். சிலர் சொந்தப் பட்டறையில் அவர்களுக்கே பாகங்கள் செய்து தருகிறீர்கள். "ரேட்டைக் குறைத்தால்தான் ஆர்டர் என்கிறார்கள் சார்" என்கிறது ஒரு பக்கம். "குறைத்து வாங்காவிட்டால் என் வேலைக்கு ஆபத்து சார்" என்கிறது மறுபக்கம். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சில் இல்லாத ஒருவர்தான் கடைசியில் பணம் கட்டுகிறார்.

போர்வெல் மோட்டார் பல நூறு அடி ஆழத்தில் கிடக்கிறது. ஒரு புஷ் தேய்ந்தாலும் ஆள் கூட்டி, வண்டி வைத்து, குழாய் குழாயாகக் கழற்றி மேலே எடுக்க வேண்டும். அந்தக் கூலியில் எத்தனை புஷ் வாங்கலாம்! அதற்குள் காய்கறிச் செடி வாடிவிடும்.

மலிவு எல்லாம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. காயிலுக்குச் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி போடுவதையே பாருங்கள். செம்பு கடத்துவதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். அதனால் கம்பியின் பருமன், அதாவது குறுக்குப் பரப்பு, சுமார் 1.6 மடங்கு வேண்டும். அதற்கு இடம் விட்டு வடிவமைத்தால் தவறில்லை. செம்புக்கு வெட்டிய அதே ஸ்லாட்டில் மெல்லிய அலுமினியத்தைத் திணித்தால் மோட்டார் சூடேறும். லோ வோல்டேஜ் வந்தால் சீக்கிரமே எரியும். (கடத்திகள் பாடத்தின்போது தூங்கியவர்கள் இப்போதாவது படிக்கவும்!)

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கதை இதைவிடக் கொடுமை. சாவி போடும் சுவிட்ச் லேசாக இருந்ததால், ஓடும்போதே நழுவி இன்ஜின் நின்றுவிடும். விபத்தில் காற்றுப்பையும் விரியாது. 2005-லேயே மாற்று யோசனை வந்தும், செலவைக் காரணம் காட்டித் தள்ளினார்கள். காருக்கு ஒரு டாலர்கூட ஆகியிருக்காது. 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

பர்சேஸில் இருப்பவர்களே, ரேட் ஒப்பிடும் தாளில் இன்னொரு கட்டம் போடுங்கள்: 'இது பழுதானால் மாற்ற எவ்வளவு, யார் கொடுப்பது?' அட்டைப்பெட்டியிலும் பெயின்ட்டிலும் தாராளமாகப் பேரம் பேசுங்கள். த்ரஸ்ட் பேரிங்கிலும் காயில் கம்பியிலும் வேண்டாம்.

பட்டறைக்காரர்களே, நீங்களும் "கட்டாது சார்" என்று போனில் சொல்லி நிறுத்தாதீர்கள். என்ன மெட்டீரியல், என்ன டெஸ்ட், குறைத்தால் எது போகும் என்று எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் மேலதிகாரியிடம் காட்ட ஒரு தாள் வேண்டுமல்லவா?