வரைபடத்தில் ஒரு தடை, காவல் நிலையத்தில் மற்றொரு தடை: ட்ரோன் விதிகளில் தீராத சிக்கல்

புது தில்லி: ஆளில்லாச் சிறு விமானமான ட்ரோனைப் பறக்க விடுவதற்கு முன் அந்த இடத்தின் வான்பரப்பில் தடை உள்ளதா என்பதைச் சரிபார்ப்பது இயக்குபவரின் கடமை என்கிறது சட்டம். ஆனால் அந்தத் தடையை அறிவிக்கும் அமைப்புகள் பல. அவை அனைத்தும் ஒரே இடத்தில் அறிவிக்கின்றனவா என்பதே இப்போது எழும் கேள்வி. இதற்குக் கொச்சி நகரைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

கொச்சியின் வடக்கே, இரு தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடப்பள்ளியில் ஒரு திருமண நிகழ்ச்சியை ட்ரோன் மூலம் படம் பிடிக்க ஒருவர் விரும்புவதாக வைத்துக் கொள்வோம். நெடும்பாசேரி விமான நிலையத்தின் 12 கிலோமீட்டர் வளையத்துக்கு வெளியே இடப்பள்ளி அமைந்துள்ளது. ஆனால் தெற்கே வில்லிங்டன் தீவில், கடற்படையின் தெற்குப் பிராந்தியத் தலைமையகத்தை ஒட்டி "ஐஎன்எஸ் கருடா" விமானத் தளம் உள்ளது. அது இடப்பள்ளியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவுதான்.

அத்தளத்தையும் விமான நிலையமாகக் கணக்கிட்டால் இடப்பள்ளியில் அனுமதியின்றிப் பறக்கக்கூடிய உயரம் 200 அடி. கணக்கிடாவிட்டால் 400 அடி. விதியின் வாசகத்தை மட்டும் படித்து இதை முடிவு செய்ய இயலாது. அரசு வெளியிடும் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். மட்டாஞ்சேரியின் நிலை இன்னும் கடினம். அதற்கும் வில்லிங்டன் தீவுக்கும் இடையே இருப்பது ஒரு காயல் கால்வாய் மட்டுமே.

மூன்று வண்ணங்கள்

2014 அக்டோபரில் தனியார் ட்ரோன்களுக்கு அடியோடு தடை விதித்த விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், 2018 டிசம்பர் முதல் கட்டுப்பாடுகளுடன் அனுமதி அளித்தது. இந்தக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தி, 2021 ஆகஸ்டில் மத்திய அரசு "ட்ரோன் விதிகள்" என்ற புதிய விதிகளை வெளியிட்டது. நிரப்ப வேண்டிய படிவங்களின் எண்ணிக்கை 25-லிருந்து 5 ஆகக் குறைந்தது. அடுத்த மாதமே "டிஜிட்டல் ஸ்கை" இணையதளத்தில் நாட்டின் வான்பரப்பு வரைபடம் வெளியானது.

இதன்படி வான்பரப்பு மூன்று வண்ணங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் இந்த வரம்பு 200 அடி. இவ்விரு உயரங்களுக்கு மேலும், 5 முதல் 8 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் தரையிலிருந்தே தொடங்கியும் மஞ்சள் மண்டலம். அங்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது.

இந்த வரைபடம் நிலையானதல்ல என்பது குறிப்பிடத்தக்கது. மாநில அரசோ, சட்டம்-ஒழுங்கு அமைப்போ அவசரத் தேவை ஏற்படும்போது ஒரு பகுதியைத் தாற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி இந்த உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். ஒருமுறை அறிவித்தால் 96 மணி நேரம் வரை செல்லும். நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாக மாறக்கூடும் என்பதால்தான், ஒவ்வொரு முறை பறக்க விடும் முன்பும் வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

அறிவிப்பு எங்கே?

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. தாற்காலிகத் தடையை டிஜிட்டல் ஸ்கை மூலமே அறிவித்து, வரைபடத்திலும் காட்ட வேண்டும் என்கிறது விதி. நடைமுறையில் தடைகள் வேறு வழிகளிலும் வருகின்றன.

2021 ஜூன் 27-ல் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன்கள் மூலம் வெடிகுண்டுகள் வீசப்பட்டன. இரண்டு வாரங்களுக்குள், கொச்சியில் உள்ள தெற்குப் பிராந்தியக் கடற்படைத் தலைமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கடற்படைத் தளங்களின் சுற்றெல்லையிலிருந்து 3 கிலோமீட்டர் வரை ட்ரோன் பறக்கத் தடை. மீறினால் அது அழிக்கப்படும் அல்லது பறிமுதல் செய்யப்படும். இயக்கியவர் மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் எச்சரிக்கப்பட்டது. வான்பரப்பு வரைபடம் வெளியாவதற்கு முன்பே, பத்திரிகைச் செய்தியாக வந்த தடை அது.

அதற்கும் முன்பாக, உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2020 ஜனவரியில் கொச்சி மரடு அடுக்குமாடிக் கட்டடங்கள் தகர்க்கப்பட்டபோது, சுற்றுப்பகுதியில் 144 தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டு, ட்ரோன்களுக்கும் தடை விதிக்கப்பட்டது. பிரதமர் வருகையின்போது சென்னை உள்ளிட்ட நகரங்களில் காவல் துறை இத்தகைய தடை அறிவிப்புகளை வெளியிடுவது இன்றும் வழக்கமாக உள்ளது.

இத்தடைகளின் தேவையை யாரும் மறுப்பதற்கில்லை. கடற்படைத் தலைமையகம், துறைமுகம், விமானந்தாங்கிக் கப்பல் "விக்ராந்த்" கட்டப்பட்ட கப்பல் கட்டும் தளம் ஆகியவற்றை ஒரே காயல் பரப்பில் கொண்ட நகரில் எச்சரிக்கை அவசியமே. ஆனால் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நல்லெண்ணத்துடன் பறக்க விட்டவர், நாளிதழில் வந்த ஓர் உத்தரவைப் படிக்கத் தவறியதால் குற்றவாளி ஆகலாமா என்பதற்கு விதிகளில் தெளிவான விடை இல்லை.

மத்தியப் பட்டியலும் மாநிலப் பட்டியலும்

அரசியல் சாசனத்தின்படி விமானப் போக்குவரத்து மத்தியப் பட்டியலிலும், காவல் துறை மாநிலப் பட்டியலிலும் இடம் பெற்றுள்ளன. விதியை வகுப்பது தில்லி. தெருவில் நின்று அதை அமல்படுத்துவது மாநிலக் காவலர். இந்த இரட்டை நிலையே குழப்பத்தின் வேர்.

ட்ரோன் விதிகளை மீறினால் அதிகபட்ச அபராதம் ரூ. 1 லட்சம் என்ற நிலை, இக்குழப்பத்தின் விளைவை ஓரளவு மட்டுப்படுத்தி வந்தது. 1934-ம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டு வரப்பட்ட பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ட்ரோன்களுக்கெனத் தனிச் சட்ட வரைவு ஒன்றை மத்திய அரசு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. சில மீறல்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்க அந்த வரைவு வகை செய்தது. ட்ரோன் தொழில் துறையினர் இதற்குக் கடும் ஆட்சேபம் தெரிவித்தனர்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு ட்ரோன் வழங்க ரூ. 1,261 கோடித் திட்டத்துக்கு 2023-ல் ஒப்புதல் அளித்த அரசு இது. வயலில் மருந்து தெளிக்கப் பெண்களிடம் கருவியைக் கொடுத்துவிட்டு, எங்கே பறக்கலாம் என்ற தகவலைப் பல அலுவலகங்களில் சிதறவிடுவது பொருத்தமாகாது.

தண்டனையைக் கூட்டுவதற்கு முன் அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடற்படையாயினும், மாவட்ட ஆட்சியராயினும், காவல் ஆணையராயினும், வரைபடத்தில் ஏற்றப்படாத தாற்காலிகத் தடையின்பேரில் ட்ரோன் இயக்கியவரைத் தண்டிக்க இயலாது எனச் சட்டத்திலேயே எழுத வேண்டும். வரைபடத்தின் எச்சரிக்கைகள் மலையாளத்திலும் தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் வர வேண்டும். பார்க்க வேண்டியது குடிமகனின் கடமை என்றால், பார்க்கும் இடத்தில் காட்ட வேண்டியது அரசின் கடமை. இந்த இரண்டாவது கடமை இன்னும் சட்டத்தில் முழுமையாக எழுதப்படவில்லை.